பின்னால் வந்த குரல்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டல் முகப்புக் கூடத்தில் மாலை நேரங்களில் கிடார் வாசிக்கச் சேர்ந்த புதிதில், அங்கிருந்த மேலாளர் ‘நிதானம்’ என்று கூப்பிட்டு வைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது கட்டிய மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவன் குளிக்கப் போய் வெகு நேரம் ஆன நாட்களில் அந்தப் பெயரை ஒரு மாதிரியாக இழுத்துக் கூப்பிடுவாள்.

விரல் வேகத்தில் அவனைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் அந்த நகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒருவர் இருந்தார்கள். அவனிடம் இருந்தது வேறு சரக்கு. அவனுக்குக் காத்திருக்கத் தெரியும். பாடுகிறவள் அவனுடைய அக்கா. அவள் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் இடத்தில் அவன் கை கம்பிக்கு மேலேயே நிற்கும். ஒரு நாள் அவள் நீளமாக இழுப்பாள், ஒரு நாள் அரை மூச்சோடு கிளம்பிவிடுவாள். எப்படிக் கிளம்பினாலும் அவளுடைய முதல் எழுத்தும் அவனுடைய முதல் தட்டும் ஒன்றாகத்தான் வந்து விழும். அறைச் சாவிக்கு நிற்கிறவர்களும் பெட்டியோடு லிஃப்டுக்கு நிற்கிறவர்களும் எதற்கென்றே தெரியாமல் அந்த இடத்தில் தலையைத் திருப்புவார்கள். யாராவது வந்து கேட்டால், விடிய விடிய ஒத்திகை பார்த்தது என்று அக்காவும் தம்பியும் முகத்தை வைத்துக்கொண்டு கதை விடுவார்கள். ஒத்திகையாவது மண்ணாவது. இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் நோய் வந்தது. ஓட்டலை இழுத்து மூடினார்கள். தெரு மூடியது, கடை மூடியது, வாயும் மூக்கும்கூட மூடின. தனியாகத் தொழில் பார்க்கும் இசைக்காரனுக்கு மேலே அதிகாரம் பண்ண ஆள் கிடையாது என்று அதுவரை பெருமை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, கீழே தாங்கிப் பிடிக்கவும் ஆள் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. கூட வாசித்த சாக்ஸபோன்காரர் வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கக் கிளம்பி, கருகிப் போன முதல் ரொட்டியின் படத்தை ‘புதிய வெளியீடு’ என்று போட்டு எல்லோருக்கும் அனுப்பினார். நிதானம் பிள்ளைகளுக்குத் திரை வழியாகக் கிடார் சொல்லிக்கொடுத்தான். அவர்களில் ஒரு பெண் கடைசிவரை தன் நெற்றியையும் மின்விசிறியையும் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சோப்புக்கு இசை போட்டான். ஒரு காலணிக்கும் போட்டான். அக்கா கேட்டவர்களுக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துப் பாடி அனுப்பினாள். எதிரொலி இல்லாத இடம் வீட்டில் துணி அலமாரி ஒன்றுதான் என்பதால், கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிகளுக்கு நடுவில் நின்று பாடினாள். அவளுடைய கணவர், நிதானத்துக்கு மாமா, பஸ் ஓட்டுகிறவர். ஓட்டப் பஸ் இல்லாமல் வீட்டில் இருந்தார். யாராவது போன் பண்ணினால், “அவ அலமாரிக்குள்ள இருக்கா, வெளிய வந்ததும் பேசச் சொல்றேன்” என்பார். கேட்டவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே கச்சேரி பண்ணலாம் என்பது அக்காவின் யோசனை. இவன் வாசிப்பது அவள் கணினிக்குப் போகும். அதைக் கேட்டபடி அவள் பாடுவாள். இரண்டும் சேர்ந்து அங்கிருந்து கேட்பவர்களுக்குப் போகும். பொத்தான்களை அமுக்கும் பொறுப்பு மாமாவுக்கு. பஸ்ஸில் இருந்ததைவிட இதில் பொத்தான் குறைவு என்று அவர் சலித்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு மானம் கப்பலேறியது. சத்தம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரக் கண் இமைக்கும் நேரம் பிடிக்கிறது. பேச்சுக்கு அது பெரிதில்லை, பாட்டுக்குப் பெரிது. அவன் தட்டியது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போயிற்று. அவள் பாடியது அவனுக்கு அதைவிடத் தாமதமாக வந்தது. பழகிய கையல்லவா, அவளுக்காகக் காத்தான். அவன் நிற்கிறானே என்று அவளும் நின்றாள். வாசற்படியில் நீங்க முதலில், நீங்க முதலில் என்று இரண்டு பேர் மரியாதை பண்ணிக்கொள்வார்களே, அப்படி ஆகி, பாட்டு தவழ்ந்து தவழ்ந்து கடைசியில் படுத்தேவிட்டது. கேட்டவர்கள் இணைப்புத்தான் போய்விட்டது என்று நினைத்தார்கள். நல்ல வேளை.

அந்த வாரம் முழுக்க அவன் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தான். மிகச் சுலபமான வழி. அக்காவின் குரலைத் தன் காதுக்கு வராமல் அடைத்துவிட்டான். குரல் வந்தால்தானே கை நிற்கும். பாட்டுகளுக்கு நடுவில் அவள் பேசும்போது ஒலிக் குமிழைத் திருப்பித் திறப்பான், வாசிக்கத் தொடங்கும்போது மூடுவான். திரையில் அவளுடைய வாய் பின்னால் பின்னால் அசைவது குழப்பியதால் கண்ணையும் மூடிக்கொண்டான். இரண்டாவது ஞாயிறு பாட்டு கம்பீரமாக நடந்தது. அக்காவுக்கு வாய் கொள்ளாச் சிரிப்பு. என்னடா பண்ணினே என்று கேட்டாள். ஏதோ சரி பண்ணினேன் என்று மழுப்பிவிட்டான். உன் குரலை நிறுத்திவிட்டேன் என்று எந்தத் தம்பியால் சொல்ல முடியும்? அவள் மனசு நோகும் என்று நினைத்தான். அந்த ஒரு நல்லெண்ணம்தான் பிறகு அத்தனை பாடும் படுத்தியது.

சொல்லப்போனால் அந்த மதியங்கள் அவனுக்குப் பிடித்தே போயின. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஞாயிறும் விடுமுறை கிடையாது. வீட்டில் அவன் மட்டும் இருப்பான். ஜன்னல் திரை வழியாக வரும் வெயில் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்து, பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கட்டில் காலைத் தொடும். தெருவில் ஒரு சத்தம் இருக்காது. எதிர் மாடியில் யாரோ உலர்த்திய சட்டை கையை ஆட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடி முதல் கம்பியைத் தொட்டதும் அவனுக்குள்ளே அக்கா பாட ஆரம்பித்துவிடுவாள். எந்த வரியில் இழைவாள், எங்கே மூச்சு இழுப்பாள் எல்லாம் அத்துப்படி. அங்கெல்லாம் கை தானாக நிற்கும், அவள் கிளம்பியதும் தட்டும். அந்த அக்காவுக்குத் தொண்டை கட்டியதில்லை, சுருதி விலகியதில்லை, வயசும் ஏறவில்லை. அவள் பாடப் பாட அறை மெல்லத் தரையை விட்டு எழும்பி எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கும். சில நாட்கள் கச்சேரி முடிந்த பிறகும் இறங்க மனமில்லாமல் அப்படியே கிடப்பான். ஓட்டலில் வாசித்ததைவிட இதுதான் உசத்தி என்றுகூடத் தோன்றியது. கச்சேரியின் பதிவைத் திரும்பக் கேட்பதில்லை. வாசித்ததைக் கேட்டால் குற்றம் குற்றமாகத் தெரியும், அடுத்த முறை கை நடுங்கும் என்பது அவனுடைய பழைய கொள்கை.

நடுவில் அக்காவுக்கும் காய்ச்சல் வந்து போனது. அவன் பழமும் மாத்திரையும் வாங்கிப் போய் வாசலில் வைத்துவிட்டுத் தெருவில் நின்று கையாட்டினான். அவள் மாடியிலிருந்து ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு இல்லை, தப்பித்தோம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச வாரம் கழித்துக் கச்சேரி மறுபடி தொடங்கியது. அன்று முடிந்ததும் அவன் குமிழைத் திறந்தபோது அக்கா கேட்டாள்.

“எப்படிடா இருந்துச்சு?”

“அருமைக்கா.”

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்புத் தாமதம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறும் கேட்டாள், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். அவனும் சளைக்காமல் அருமை என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் கேட்ட அக்கா அருமையாகத்தான் பாடினாள். பிறகு ஒரு ஞாயிறு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். களைப்பாக இருக்கும் என்று அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் மெல்லத் திறக்கத் தொடங்கியபோது ஒரு சின்ன அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கொஞ்சம் பேரை உட்காரவைத்து, நேரில் கச்சேரி. முதல் நிகழ்ச்சி இவர்களுடையது. நிதானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லது, வேறு நல்ல பாடகியாகப் பார்த்துக்கொள் என்றாள். லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் அறிவிப்புக் குரல் கேட்டார்களாம், ஒப்புக்கொண்டாளாம். கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது, தரைத் தளம். இனிமேல் அதுதான் என்றாள்.

“விளையாடாதக்கா. லிஃப்டுக்குப் பேசறதுக்கா நீ பொறந்தே?”

“ஒவ்வொண்ணும் ஒரு மூச்சுல முடிஞ்சுடும்டா. எனக்கு அது போதும்.”

போன் வைக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டால் மாமா எடுத்து, பிடி கொடுக்காமல் வானிலை பற்றிப் பேசினார். கலகலவென்று பேசுகிற மனிதர் வெயில் அதிகம், மேகம் குறைவு என்று அளந்து அளந்து சொன்னார். அக்கா இல்லாமல் அவன் யாருக்கு வாசிப்பான்? எவளோ ஒருத்தி நன்றாகவே பாடிவிட்டுப் போகலாம். ஆனால் அவளுக்காக எந்த இடத்தில் காத்திருப்பது என்று யாரிடமிருந்து கற்றுக்கொள்வது? இத்தனை வருஷத்தில் அவனுக்கு வந்த ஒரே வித்தை அக்காவோடு சேர்ந்ததுதான்.

மறுநாள் காலை மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கடைக்கு இருமல் மருந்து வாங்க வரும் ஓர் அம்மாள் ஞாயிறு கச்சேரியைத் தவறவிடுவதில்லையாம். உங்க நாத்தனாருக்கு இன்னும் உடம்பு சரியாகலியா, பாடும்போது பார்க்கவே பாவமாக இருக்கிறதே என்று நேற்று விசாரித்தாளாம்.

“என்ன பாவம்? நல்லாத்தானே பாடுறா.”

“நீ கேட்டியா?”

“நான்தானே வாசிச்சேன்.”

“வாசிச்சே. கேட்டியான்னு கேக்கறேன்.”

குமிழ் சங்கதியை அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்து சொன்னான். மனைவி செருப்பு மாட்டிய காலோடு அப்படியே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. ஹெட்ஃபோனை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். காய்ச்சலுக்கு முந்தைய ஞாயிறுகள், அந்த முதல் ஞாயிறைத் தவிர, நன்றாகவே இருந்தன. காய்ச்சலுக்கு அப்புறமான முதல் கச்சேரியைத் திறந்தான். அவனுடைய கிடார் அழகாக, சொகுசாக, எங்கோ மேகத்தில் நடந்து போனது. அதற்குப் பின்னால் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள். இரண்டு சொல் பாடி நின்றாள். மூச்சை இழுத்து முடிப்பதற்குள் கிடார் அடுத்த வரிக்குப் போயிருந்தது. விட்ட சொல்லை விட்டுவிட்டு ஓடி வந்து சேர்ந்தாள். மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. கிடார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய அக்கா மூச்சு இழுத்த இடங்களில் அது பவ்யமாக நின்றது. இந்த அக்காவுக்குத் தேவைப்பட்ட ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் அவனுடைய குரல் கேட்டது. அருமைக்கா.

அடுத்த ஞாயிறில் அவள் சொற்களைக் குறைத்திருந்தாள். அதற்கடுத்ததில் சில வரிகளை வெறுமனே முணுமுணுத்தாள். எல்லாவற்றையும் கேட்டான். தரையில் விழுந்த வெயில் நகர்ந்து நகர்ந்து கட்டில் காலுக்கு வந்துவிட்டது. நடுவில் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிதானம் என்று பெயர் வைத்தவர் அந்த நேரம் எதிரே வந்திருந்தால் அவன் காலில் விழுந்து பெயரைத் திருப்பிக் கொடுத்திருப்பான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதான்.

கிடாரை முதுகில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தான். பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. நகரம் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தது. கடைகளில் பாதிக் கதவு திறந்திருந்தது, ஆட்கள் ஒருவரையொருவர் தொடாமல் விலகி விலகி மிதந்து போனார்கள். யார் முகமும் பாதிக்கு மேல் தெரியவில்லை. மாமாதான் கதவைத் திறந்தார். வா மாப்ள என்று வாய் சொன்னது, முகம் சொல்லவில்லை. அக்கா உள்ளே மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, கதவு திறக்கிறது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் உட்காரக்கூட இல்லை. பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். “நீ பாடினதை நான் கேக்கவே இல்லக்கா. அந்த முதல் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஒரு நாள்கூட.”

அக்கா அவனையே பார்த்தாள். கோபம் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. முதலில், இவன் வேண்டுமென்றே விரட்டுகிறான், ஓடவைத்தால் மூச்சு திரும்பும் என்று பார்க்கிறான் என நினைத்தாளாம். பிறகு அருமை, அருமை என்றானாம். ஒரு இம்மி சுருதி விலகினாலும் பொறுக்காதவன், கிழிந்த குரலைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிச் சொக்கி உட்கார்ந்திருந்தானாம்.

“சாகப் போறவங்களைப் பாத்துதான்டா அப்படி அருமைன்னு சொல்லுவாங்க. சரி, நம்ம குரல் போயிடுச்சு, தம்பி சொல்ல முடியாம தவிக்கிறான்னு நெனச்சேன். உனக்காகத்தான் நிறுத்தினேன்.”

மாமா சமையலறைப் பக்கம் போய்ப் பாத்திரத்தை எதற்கோ இடம் மாற்றிவைத்தார். நிதானம் கிடாரை உறையிலிருந்து எடுத்து, மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு தடவை பாடு என்று கண்ணால் கேட்டான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் எழுந்து போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் ஏணி வைத்துக் கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைத்து முடித்து ஏணியை மடக்கிக்கொண்டு போகும்வரை நிதானம் கிடாரை மடியில் வைத்துக் காத்திருந்தான்.

பிறகு அவள் பாடினாள். முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை, அவனைப் பார்க்கவும் இல்லை. காகிதத்தைப் பார்த்தபடி ஒரு வரி. பாதி வரியில் மூச்சு நின்றது, மீதி வரி வரும்போது குரல் இறங்கிப் போயிருந்தது. நிதானத்தின் முகம் அவனைக் கேட்காமலே சுளித்தது. சுளித்ததை உணர்ந்து அவன் சரி பண்ணிக்கொள்வதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்து, பிறகு தோள் குலுங்கி, பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மாமா பதறிப் போய் எட்டிப் பார்த்தார்.

“அவ்வளவு மோசமாவாடா இருக்கு?”

“மோசம்தான். பழைய மூச்சுல பாதிதான் இருக்கு. மேல போனா சுருதி நிக்கல. கீழ மட்டும் குரல் நல்லா இருக்கு, முன்னவிட அடர்த்தியா.”

“பழையபடி வருமா?”

“தெரியலக்கா. வராமலும் போகலாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளாக அவளிடம் யாரும் சொல்லாதது அது. டாக்டர்கூடப் போகப் போகச் சரியாகும் என்றுதான் சொல்லியிருந்தார். லிஃப்ட் வேலையை விடப்போவதில்லை என்று கறாராகச் சொன்னாள். அரங்கத்துக்காரரிடம் தேதியைத் தள்ளிப் போடக் கேட்கச் சொன்னாள். பாட்டையெல்லாம் ஒரு கட்டை இறக்கச் சொன்னாள். ஏறுகிற பாட்டு நாலைந்தை அடியோடு எடுத்துவிடச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“ஒவ்வொரு வரிக்கும் நடுவுல எனக்கு நேரம் குடு.”

“எவ்வளவு?”

“எனக்கே தெரியாது. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்ல. நீதான் காதைத் தொறந்து வச்சுக்கணும்.”

அவன் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே கிடாரைத் தொட்டான். முதல் வரி பாதியில் நின்றது. அவள் மூச்சை இழுத்தாள். அது உள்ளே எங்கோ தடுக்கி, தேங்கி, மறுபடி கிளம்பி, மெல்ல மெல்ல நிறைந்தது. இவ்வளவு நேரம் அவன் எந்தப் பாட்டிலும் கையை நிறுத்தியதில்லை. நிறுத்திக் காத்திருந்தான்.